கொடுப்பவரே கணக்கும் எழுதினால்...

1974-ஆம் ஆண்டு பிப்ரவரி 18. டெல்லியில் அமெரிக்கத் தூதர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹான் இந்திய அரசிடம் ஒரு காசோலையைக் கொடுத்தார். தொகை 1,664 கோடி ரூபாய்! அன்றைய மதிப்பில் 200 கோடி டாலருக்கும் மேல். அதுவரை எழுதப்பட்ட காசோலைகளிலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது.

பார்ப்பவர்களுக்கு அமெரிக்கா இந்தியாவுக்கு அள்ளிக் கொடுத்தது போலத் தோன்றும். ஆனால் அந்தக் காசோலையால் ஒரு டாலர்கூட இந்தியாவுக்குள் புதிதாக வரவில்லை. அது முழுக்க முழுக்க இந்திய ரூபாய். இந்தியா கட்டிய ரூபாய், இந்தியாவிலேயே அமெரிக்காவின் பெயரில் சேர்ந்து கிடந்த ரூபாய். அந்தக் கையிருப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளுபடி செய்ததற்கான காகிதம்தான் அந்தக் காசோலை.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது? அதைப் புரிந்துகொண்டால், இன்று பருவநிலை மாநாடுகளில் பேசப்படும் 10 ஆயிரம் கோடி டாலர், 30 ஆயிரம் கோடி டாலர் கணக்குகளும் புரிந்துவிடும். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

கோதுமைக் கப்பல்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பணக்கார நாடுகளின் உதவி என்பது மார்ஷல் திட்டத்தில் பெரிய அளவில் தொடங்கியது. 1948 முதல் மேற்கு ஐரோப்பாவின் 16 நாடுகளுக்கு அமெரிக்கா சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்தது. பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத மானியம். அதிலும் அதிகம் பெற்ற நாடு எது தெரியுமா? பாதி உலகை ஆண்ட பிரிட்டன்! பசியில் ஐரோப்பாவைவிட மோசமாக இருந்த நாடுகள் ஆசியாவில் இருந்தன. ஆனால் சோவியத் யூனியன் எல்லையில் நின்றது ஐரோப்பாதான். உதவி அங்கே போனது.

ஆசியாவுக்கு வந்தது வேறு வகை. 1954-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பி.எல்.480 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. அப்போது அமெரிக்கக் கிடங்குகளில் விற்க முடியாத கோதுமை மலைபோல் குவிந்திருந்தது. உள்ளூரில் கொட்டினால் விலை விழும், விவசாயிகள் கோபப்படுவார்கள். அந்த உபரியை ஏழை நாடுகளுக்கு அவர்களுடைய பணத்திலேயே விற்கலாம் என்பது ஏற்பாடு. குறைந்தது பாதிச் சரக்கு அமெரிக்கக் கப்பல்களில்தான் போக வேண்டும் என்று அதே ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. ஒரே கோதுமையில் விவசாயிக்கும் லாபம், கப்பல்காரருக்கும் லாபம், நாட்டுக்கு நல்ல பெயரும்!

1956-ல் இந்தியா இதில் சேர்ந்தது. கோதுமைக்குக் கட்டிய ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் ஏறியது. அதில் பெரும்பகுதியை அமெரிக்கா மீண்டும் இந்தியாவுக்கே கடனாகக் கொடுத்தது. அந்தக் கடனுக்கு வட்டியும் அதே கணக்கில் சேர்ந்தது. அந்த அளவு ரூபாயை டாலராக மாற்றிக் கொடுக்க இந்தியாவிடம் அந்நியச் செலாவணி இல்லை. அதை இங்கேயே மொத்தமாகச் செலவு செய்தால் விலைவாசி எகிறும். கடைசியில்தான் அந்தக் காசோலை.

அந்தக் கோதுமை பொய் இல்லை. 1965, 1966 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்தபோது, குறிப்பாகப் பீகாரில், அது பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அதே இரண்டு வருடங்களில்தான் இந்தியா இன்னொரு பாடமும் கற்றது. அதிபர் லிண்டன் ஜான்சன், வருடக்கணக்கில் ஒப்பந்தம் போடுவதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுமையை விடுவித்தார். விவசாயக் கொள்கையை மாற்று என்பது ஒரு நிபந்தனை. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது இன்னொரு எரிச்சல். இந்தியாவின் பிழைப்பு கப்பலிலிருந்து நேராக வாய்க்கு என்று ஆனது. அடுத்த கப்பல் கிளம்புமா என்று தெரியாமல் ரேஷன் கடை நடத்த வேண்டிய நிலை.

அன்று உணவு அமைச்சராக இருந்தவர் தமிழகத்தின் சி.சுப்பிரமணியம். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் குட்டை ரகக் கோதுமை விதை இறக்குமதி ஆனது. பசுமைப் புரட்சியின் நன்மை தீமைகள் தனிக் கதை. ஆனால் அந்த அவசரத்துக்குப் பின்னால் இருந்தது, இன்னொருவர் கையைப் பார்த்துச் சாப்பிடும் அவமானம்.

மொய்னிஹான் காசோலை கொடுத்த அதே 1974-ல் பக்கத்து நாடான வங்கதேசத்தில் நடந்தது இன்னும் கொடுமை. வெள்ளத்தால் பயிர் அழிந்து பஞ்சம் நெருங்கிய நேரத்தில் அமெரிக்க உணவுக் கப்பல்கள் தாமதமாயின. காரணம்? வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றிருந்தது! கியூபாவோடு வியாபாரம் செய்யும் நாட்டுக்கு பி.எல்.480 உணவு கிடையாது என்பது சட்டம். வங்கதேசம் அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. ஆனால் தானியம் வந்து சேர்வதற்குள் பஞ்சத்தின் மோசமான மாதங்கள் கடந்துவிட்டன.

யாருக்குக் கிடைக்கும்?

'அதெல்லாம் பனிப்போர் காலம்' என்று சொல்லலாம். ஆனால் பழக்கம் மாறவில்லை. 1990 நவம்பரில் ஈராக் மீது படை பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வந்தது. ஏமன் எதிர்த்து வாக்களித்தது. சில நாட்களிலேயே அந்த ஏழை நாட்டுக்கான சுமார் 7 கோடி டாலர் அமெரிக்க உதவி நின்றுபோனது.

இது ஏதோ ஒரு தடவை நடந்தது அல்ல. பாதுகாப்புச் சபையில் 10 இடங்கள் சுழற்சி முறையில் இரண்டு வருடத்துக்கு மற்ற நாடுகளுக்குக் கிடைக்கும். இலியானா குசியெம்கோ, எரிக் வெர்க்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் இதை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு நாடு அந்த இடத்தில் உட்கார்ந்ததும் அதற்கு வரும் அமெரிக்க உதவி சராசரியாக 59 சதவீதம் கூடுகிறது. பதவிக்காலம் முடிந்ததும் பழைய நிலைக்கே இறங்கிவிடுகிறது. அந்த இரண்டு வருடத்தில் மட்டும் அந்த நாட்டு மக்களின் வறுமை கூடிக் குறைந்திருக்குமா என்ன? கூடிக் குறைந்தது அவர்களுடைய ஓட்டின் விலை.

அணைக்கட்டும் ஆயுதமும்

அமெரிக்காவை மட்டும் குறை சொல்லக் கூடாது. பிரிட்டனின் பெர்காவ் அணை விவகாரம் இதைவிட வெளிப்படையானது.

1988-ல் பிரிட்டனும் மலேசியாவும் ஓர் ஆயுத விற்பனை உடன்பாட்டுக்கு வந்தன. 100 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட வியாபாரம். அதற்கான பேச்சின்போதே, ஆயுதத்தின் மதிப்பில் 20 சதவீதத்தை உதவியாகத் தருவதாக ஒரு குறிப்பில் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் கையெழுத்திட்டிருந்தார். அந்த உதவி கடைசியில் மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் பெர்காவ் நீர்மின் அணையாக வந்து நின்றது. கட்டப்போவது பிரிட்டிஷ் கம்பெனிகள்.

உதவித் துறையின் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் பார்த்து, அணை லாபமில்லை, எரிவாயுவில் மின்சாரம் எடுப்பது மலிவு என்றார்கள். துறையின் செயலாளர் டிம் லாங்கெஸ்டர்தான் அந்தத் துறைக்குக் கணக்குப் பொறுப்பு அதிகாரியும்கூட. 1991-ல் அவர், 'இது மக்கள் பணத்தை வீணாக்குவது, எழுத்துமூலம் உத்தரவு இருந்தால்தான் பணம் தருவேன்' என்ற நிலையை எடுத்தார். வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் எழுத்துமூலம் உத்தரவு கொடுத்தார். 23 கோடியே 40 லட்சம் பவுண்டு உதவி அனுமதிக்கப்பட்டது.

கதை அதோடு முடியவில்லை. உலக வளர்ச்சி இயக்கம் என்ற பிரிட்டிஷ் அமைப்பு வழக்குப் போட்டது. 1994 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், அந்த உதவி சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. வளர்ச்சிக்கு என்று சட்டம் ஒதுக்கிய பணத்தை, வளர்ச்சிக்கு உதவாது என்று தெரிந்தே கொடுக்க அமைச்சருக்கு அதிகாரமில்லை என்பதுதான் சாரம். பிறகு 1997-ல் உதவிக்கு என்று தனி அமைச்சகம் வந்தது. 2002-ல் வந்த சட்டம், வறுமை ஒழிப்புதான் உதவியின் நோக்கம் என்று எழுதி வைத்தது.

கொடுப்பவரின் கணக்குப் புத்தகத்தை மூன்றாவது ஆள் ஒருவர் திறந்து பார்த்த அபூர்வமான சந்தர்ப்பம் இது. அந்தத் தனி அமைச்சகம் 2020-ல் வெளியுறவுத் துறையோடு மீண்டும் இணைக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எது உதவி?

சரி, உதவி என்று எதைச் சொல்வது? இதற்கு இலக்கணம் எழுதியது வாங்குகிற நாடுகள் அல்ல. 1961 முதல் இயங்கும் வளர்ச்சி உதவிக் குழு என்ற பணக்கார நாடுகளின் குழு. அது ஓ.இ.சி.டி. அமைப்பின் அங்கம். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் உதவியாகத் தர வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. ஆனால் எதையெல்லாம் அந்த 0.7-ல் சேர்க்கலாம் என்று முடிவு செய்தது அந்தக் குழுதான்.

1972-ல் குழு உறுதி செய்த விதி இது: ஒரு கடனில் 25 சதவீதமாவது மானியத் தன்மை இருந்தால் அது உதவி. மானியத் தன்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? வரப்போகும் தவணைகளை 10 சதவீத வட்டி விகிதத்தில் தற்போதைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு சின்ன உதாரணம். 100 ரூபாய் கடன். வருடம் 5 சதவீதம் வட்டி. அசலை 10 வருடம் கழித்து மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும். 10 சதவீதத்தில் கழித்துப் பார்த்தால் வட்டிகளின் தற்போதைய மதிப்பு சுமார் 31 ரூபாய், அசலின் மதிப்பு சுமார் 38 ரூபாய் 50 காசு. மொத்தம் 69 ரூபாய் சொச்சம். ஆக 30 சதவீதத்துக்கு மேல் மானியம், இது உதவிதான் என்று விதி சொல்லும். ஆனால் அந்தப் பணக்கார நாடு சந்தையில் 2 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 5 சதவீதத்துக்குக் கொடுத்திருந்தால்? வருடம் 3 ரூபாய் லாபம். லாபமும் சம்பாதித்து, 'உதவினோம்' என்று முழு 100 ரூபாயையும் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பிறகு அசல் திரும்பி வரும்போதுதான் கழிக்க வேண்டும். வந்த வட்டியைக் கழிக்க வேண்டியதில்லை!

உலகமெங்கும் வட்டி விழுந்த பிறகும் அந்த 10 சதவீதம் பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. 2018 கணக்கிலிருந்துதான், மானியப் பகுதியை மட்டும் உதவியாக எழுதும் முறை வந்தது. ஆனால் வேறு வழிகள் உண்டு. தங்கள் நாட்டுக்கு வந்த அகதிகளின் முதல் வருடச் செலவையும் உதவியில் சேர்க்கலாம். 2022-ல் பிரிட்டன் தன் உதவிப் பணத்தில் சுமார் 29 சதவீதத்தை இப்படிப் பிரிட்டனுக்குள்ளேயே செலவு செய்தது. அகதிகளுக்குச் சோறு போடுவது நல்ல காரியம்தான். ஆனால் அது ஆப்பிரிக்காவுக்குப் போன பணம் ஆகாது.

புதிய தலைப்பு, பழைய பேரேடு

1992-ல் ரியோவில் பருவநிலை ஒப்பந்தம் கையெழுத்தானபோது வளரும் நாடுகள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டன. பருவநிலைக்கான பணம் 'புதியதாகவும் கூடுதலாகவும்' இருக்க வேண்டும் என்பது அது. காரணம் எளிது. இது தர்மம் அல்ல. நூறு வருடத்துக்கு மேல் கரியை எரித்துப் பணக்காரர்களானவர்கள், அந்தப் புகையால் பாதிக்கப்படுகிறவர்களுக்குத் தர வேண்டிய பாக்கி.

2009-ல் கோபன்ஹேகனில் எண் சொல்லப்பட்டது: 2020-க்குள் வருடத்துக்கு 10 ஆயிரம் கோடி டாலர். இதில் எந்த நாடு எவ்வளவு தரும்? சொல்லவில்லை. கடனா, மானியமா? சொல்லவில்லை. எதைப் பருவநிலைச் செலவு என்று எழுதலாம்? அதையும் அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம்!

விளைவு என்ன? 2014-ல் 6,200 கோடி டாலர் வந்துவிட்டது என்றது ஓ.இ.சி.டி. 2015-ல் இந்திய நிதி அமைச்சகம் அதை மறுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உறுதியாகச் சொல்லக்கூடிய எண், இதற்கென்றே இருக்கும் நிதியங்கள் பட்டுவாடா செய்த 220 கோடி டாலர் மட்டுமே என்றது. 2020-ம் ஆண்டுக்கு ஓ.இ.சி.டி. கணக்கு 8,330 கோடி. கடன்களின் உண்மையான சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டு, பருவநிலைக்குச் சம்பந்தமில்லாததைக் கழித்தால் 2,100 முதல் 2,450 கோடிதான் என்றது ஆக்ஸ்ஃபாம். ஒரே வருடம், ஒரே பணம், கணக்கு மட்டும் இரண்டு.

2023-ல் ராய்ட்டர்ஸ் நிருபர்கள் இந்தப் பட்டியல்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆசியாவில் சாக்லேட், ஐஸ்கிரீம் கடைகள் திறக்க இத்தாலி தந்த ஆதரவு, ஹைட்டியில் கடற்கரை ஹோட்டலை விரிவுபடுத்த அமெரிக்கா தந்த கடன், வங்கதேசத்தில் நிலக்கரி மின்நிலையத்துக்கு ஜப்பான் தந்த கடன்... எல்லாம் பருவநிலை நிதி என்ற தலைப்பில் இருந்தன! அதே 2023-ல் பிரிட்டன் தன் வாக்குறுதியைக் கணக்கிடும் முறையையே மாற்றியது. புதிதாக ஒரு காசும் செலவழிக்காமல் 170 கோடி பவுண்டுக்கு மேல் கணக்கில் கூடியது.

10 ஆயிரம் கோடி இலக்கு 2022-ல், இரண்டு வருடம் தாமதமாக, 11,590 கோடியாக எட்டப்பட்டது என்று ஓ.இ.சி.டி. அறிவித்தது. அதில் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் தந்த பணத்தில் பெரும்பகுதி கடன்.

அதே 2022-ல் பாகிஸ்தானில் வெள்ளம். 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள், 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். சேதமும் இழப்பும் 3,000 கோடி டாலரைத் தாண்டின. உலகின் கரியமில வாயுவில் பாகிஸ்தானின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக உறுதிமொழி கிடைத்தது. அதிலும் பெரும்பகுதி கடன்தான். வீடு இழந்தவனிடம் வீடு கட்ட வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை 'உதவி' என்று எழுதிக்கொள்வது போல.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை செய்தும் காட்டியாகிவிட்டது.

ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மாண்ட்ரியல் உடன்பாடு வந்தது. ஃபிரிட்ஜில் பயன்படும் குளோரோ ஃப்ளூரோ கார்பனை எல்லோரும் கைவிட வேண்டும். மாற்றுத் தொழில்நுட்பத்துக்கான செலவை யார் தருவது என்று இந்தியாவும் சீனாவும் கேட்டு, கையெழுத்திடாமல் நின்றன. 1990-ல் லண்டன் கூட்டத்தில் இந்தியாவின் சார்பில் இதை வலியுறுத்தியவர் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி. முதலில் மறுத்த அமெரிக்காவும் இறங்கி வந்தது. பலதரப்பு நிதியம் ஒன்று உருவானது.

இந்த நிதியத்தின் நிர்வாகக் குழுவில் 14 இடங்கள். பணக்கார நாடுகளுக்கு 7, வளரும் நாடுகளுக்கு 7. ஓட்டெடுப்பு என்று வந்தால் இரண்டு தரப்பிலும் பெரும்பான்மை வேண்டும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு ஐ.நா. சந்தா விகிதம் அடிப்படை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிதி நிரப்பப்படும். எந்தச் செலவைத் தரலாம் என்பதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பட்டியல் உண்டு. பெரும்பாலும் மானியம். 2010-க்குள் உலகம் குளோரோ ஃப்ளூரோ கார்பன் உற்பத்தியை அநேகமாக நிறுத்திவிட்டது. ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது.

ஓசோன் பிரச்சினை சின்னது, பருவநிலைப் பிரச்சினை பிரம்மாண்டமானது, இரண்டையும் ஒப்பிட முடியாது என்பார்கள். தொகையைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கணக்கு வைக்கும் முறைக்குத் தொகை ஒரு பொருட்டா? பெட்டிக்கடைக்கும் பெரிய கம்பெனிக்கும் இரட்டைப் பதிவு ஒன்றுதான். வாங்கியவர் புத்தகமும் கொடுத்தவர் புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட வேண்டும். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு தணிக்கையாளர் கையெழுத்திட வேண்டும். முதல் வருட வணிகவியல் மாணவருக்கும் தெரிந்த இந்த விஷயம், உலகின் மிகப் பெரிய கொடுக்கல் வாங்கலில் மட்டும் நடப்பதில்லை. தென்கொரியாவில் இயங்கும் பசுமைப் பருவநிலை நிதியத்தின் குழுவில் இரு தரப்புக்கும் 12, 12 என்று சம இடம் உண்டு. ஆனால் மொத்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிதான் அதன் வழியாகப் போகிறது.

2024 நவம்பரில் பாகு மாநாட்டில் புதிய எண் அறிவிக்கப்பட்டது: 2035-க்குள் வருடத்துக்கு 30 ஆயிரம் கோடி டாலர். இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா அதைக் கண்துடைப்பு என்ற பொருளில் கடுமையாக எதிர்த்தார். அதற்குள் தீர்மானம் நிறைவேறியதாகச் சுத்தியல் தட்டியாகிவிட்டது. அடுத்த சில மாதங்களில், 1961-ல் கென்னடி தொடங்கிய யு.எஸ்.எய்ட் நிறுவனத்தின் திட்டங்களில் 80 சதவீதத்துக்கு மேல் ரத்தாயின. 2025 ஜூலை முதல் தேதியோடு அது வெளியுறவுத் துறைக்குள் கரைக்கப்பட்டது. பிரிட்டனும் தன் உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

கொடுப்பவர் மனசு வைத்தால் வரும், மனசு மாறினால் நிற்கும் என்றால் அதற்குப் பெயர் பாக்கி அல்ல. 1966-ல் கோதுமைக் கப்பலுக்காகக் காத்திருந்த இந்தியா அதைப் புரிந்துகொண்டது. 1974-ல் சணல் சாக்குக்காகத் தண்டிக்கப்பட்ட வங்கதேசம் அதை அனுபவித்தது. பருவநிலை மாநாடுகளில் ஏழை நாடுகள் தொகையைக் கூட்டச் சொல்லிப் போராடுகின்றன. அது நியாயம்தான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்தக் கணக்கை யார் எழுதுவது?